மேற்கோள் குறிகளுக்குள் ஒரு மொழி

"உங்க பக்கத்துக்குன்னு தனியா பாஷை எதுவும் இல்லையே. மெட்ராஸ் பாஷைதானே நீங்க பேசறது" என்றார் நண்பர். திருவண்ணாமலையில் ஒரு கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றிருந்தோம். நண்பர் தென்மாவட்டத்துக்காரர். தன் ஊர்ப் பேச்சைக் கதைகளில் எழுதி, அதற்காகவே மதிக்கப்படுபவர். அந்த மதிப்பு நியாயமானதும்கூட. அவர் கேலி செய்யவில்லை, ஒரு தகவலைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற இருவர் உடனே சினிமாக் காமெடியன் குரலில் 'இன்னாபா', 'குந்துபா' என்று பேசிக் காட்டினார்கள். நானும் சிரித்தேன். கீழ்பென்னாத்தூருக்குக் கடைசி பஸ்ஸில் திரும்பும்போதுதான், எதற்குச் சிரித்தேன் என்ற கேள்வி வந்தது. வீட்டில் என் அம்மா 'இன்னாபா' என்றுதான் கேட்கப்போகிறாள்.

வட்டார வழக்கு பற்றி இந்தச் சிறிய வட்டத்தில் நாம் எல்லோரும் நல்ல அபிப்பிராயமே வைத்திருக்கிறோம். அதை எதிர்ப்பவர்கள் பண்டிதர்கள், ஆதரிப்பவர்கள் நாம் என்பது ஏற்கெனவே தீர்ந்துபோன விவகாரம்போல இருக்கிறது. தீரவில்லை என்பதுதான் எனக்குத் தோன்றுவது. பண்டிதரிடம் இருந்த அபிப்பிராயம் இடம் மாறி நம்மிடம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை இந்தப் பக்கங்களில் கொஞ்சம் கறாராகப் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். 'கொண்டு.' எழுத்தில் 'வந்துகொண்டு.' யாழ்ப்பாணத்தில் பேச்சிலும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. பிராமண வீடுகளில் அது 'வந்துண்டு' ஆயிற்று. மதுரைக்கும் அதற்குத் தெற்கேயும் 'வந்துகிட்டு.' எங்கள் பக்கம், சென்னைவரை, 'வந்துகினு.' ஒரே வினையின் தேய்மானங்கள் இவை. ஒன்றைவிட ஒன்று அதிகம் கெட்டுப்போனது என்று சொல்ல மொழியியலில் எந்த அளவுகோலும் கிடையாது. ஆனால் கேட்பவன் காதில் 'ண்டு' பண்பட்டதாக விழுகிறது, அல்லது சபாக்களை ஞாபகப்படுத்துகிறது. 'கிட்டு' யாருடைய காதையும் உறுத்துவதில்லை. சினிமாக் கதாநாயகன் அதில்தான் காதலிக்கிறான். 'கினு' வந்தால் ரௌடி, ரிக்ஷாக்காரர், குடித்துவிட்டு விழுகிறவன். இந்தப் பேதம் ஒலியில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. அந்த ஒலியை யார் வாயில் முதலில் கேட்டோம், அவரை எங்கே நிற்க வைத்தோம் என்பதில் இருக்கிறது. பாஷையைப் பற்றிய அபிப்பிராயம் என்று நாம் சொல்லிக்கொள்வதெல்லாம் மனிதர்களைப் பற்றிய அபிப்பிராயமே. மனிதர்களைப் பற்றி அதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. பாஷையைப் பற்றிச் சொல்லக் கூச்சமில்லை.

நான் வேலை செய்யும் வங்கிக்கிளையில் பயிர்க்கடன் மனு ஒன்று உண்டு. அதில் பயிரின் பெயர் 'நிலக்கடலை.' கொண்டுவருகிறவர் சொல்வது 'மல்லாட்டை.' எதிரில் உட்கார்ந்திருக்கும் நான் மல்லாட்டையைக் காதில் வாங்கி நிலக்கடலையைக் கையால் எழுதுகிறேன். பல வருஷங்களாக இந்த மொழிபெயர்ப்பைச் செய்கிறேன், மொழிபெயர்ப்பு என்ற பிரக்ஞையே இல்லாமல். மல்லாட்டை என்பது மணிலாக்கொட்டை. பண்டம் கடல் தாண்டி எந்தத் திசையிலிருந்து வந்ததாக இந்த ஊர் நம்பியதோ அந்தத் துறைமுகத்தின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விற்பனைக்கூடத்துக் கணக்குகளிலும் விலை நிலவரத்திலும் இன்றும் 'மணிலா' என்று எழுதுவார்கள். நிலக்கடலை என்ற சொல்லில் நிலம் இருக்கிறது, கடலை இருக்கிறது. இந்தச் சரித்திரம் இல்லை. எது கொச்சை, எது சுத்தம் என்று கேட்டால் தமிழாசிரியர் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் லெக்ஸிகன் (1924–1936) இம்மாதிரிச் சொற்கள் பலவற்றைச் சேர்த்தது. அது பெரிய காரியம். ஆனால் பல சொற்களுக்கு நேரே 'உள்ளூர் வழக்கு' என்று பொருள்படும் ஒரு ஆங்கிலச் சுருக்கத்தைப் போட்டு நிறுத்திக்கொண்டது. எந்த உள்ளூர்? சில இடங்களில் யாழ்ப்பாணம், திருநெல்வேலி என்று ஊர் இருக்கும். பல இடங்களில் இருக்காது. உள்ளூர் என்றால் பல்கலைக்கழகம் இல்லாத ஊர் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். 1982இல் கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குக்குத் தனி அகராதி கொண்டுவந்தபோது, ஒரு பேச்சுக்கு ஒரு பூமி உண்டு என்பது முதன்முதலாக அச்சில் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதன் பிறகு பெருமாள்முருகன் கொங்குக்கும் கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கும் செய்தார்கள். பெரிய ஸ்தாபனங்கள் செய்ய வேண்டிய வேலையைக் கதை எழுதுகிறவர்கள் செய்தார்கள்.

இதில் வேடிக்கை, பழைய இலக்கணக்காரர்கள் நம்மைவிடத் தாராளமாக இருந்தார்கள். செந்தமிழ் நிலம் எது என்பதற்கு உரைகளில் ஒரு கணக்கு உண்டு: தெற்கே வையை, வடக்கே மருதயாறு, மேற்கே கருவூர், கிழக்கே மருவூர் எல்லைகளாக. அதைச் சுற்றிப் பன்னிரண்டு நாடுகள். அந்தப் பன்னிரண்டில் அருவா ஒன்று, அருவாவடதலை ஒன்று. பெண்ணையாற்றை ஒட்டியும் அதற்கு வடக்கேயும் உள்ள பூமி. நான் உட்கார்ந்து எழுதும் இந்த ஊர் அதற்குள்தான் விழ வேண்டும். ஆக நாங்கள் கொடுந்தமிழ்க்காரர்கள் என்பது டீக்கடையில் கண்டுபிடிக்கப்பட்ட விஷயமல்ல. ஆனால் தொல்காப்பியம் அந்தத் திசைச்சொல்லைச் செய்யுளுக்கு உரிய நால்வகைச் சொற்களில் ஒன்றாக உள்ளே அழைத்து உட்காரவைக்கிறது. அருவாநாட்டார் சிறுகுளத்தைக் கேணி என்பார்கள் என்று உரைக்காரர் குறித்துவைக்கிறார், முகம் சுளிக்காமல். எங்கள் பக்கத்துக் கிழவர்கள் இன்றும் கேணி என்கிறார்கள். குளம் கிணறாகிவிட்டது, அவ்வளவுதான். முகச்சுளிப்பு எப்போது சேர்ந்தது என்பது தனியே ஆராய வேண்டிய விஷயம்.

எனக்கு இந்த விவகாரம் முதலில் பிடிபட்டது தமிழ் மூலமாக அல்ல. பி.ஏ. ஆங்கிலத்தில் ராபர்ட் பர்ன்ஸ் பாடமாக இருந்தார். கவிதையின் அடியில் சொற்பொருள் பட்டியல் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். எங்கள் பேராசிரியர் பர்ன்ஸை உருகி உருகி நடத்துவார். உழவனின் பேச்சிலிருந்து எழுந்த கவிதை, மண்ணின் குரல், எல்லாம் சொல்வார். அதே வகுப்பில் நான் எழுந்து 'படிச்சிகினு வந்தேன் சார்' என்றபோது, 'மொதல்ல மனுஷன் மாதிரி பேசக் கத்துக்கோ' என்றார். வகுப்பு சிரித்தது. அவர் கெட்டவரில்லை. ஐயர்ஷயர் உழவனின் பேச்சுக்கு இருந்த மண் கீழ்பென்னாத்தூர் உழவனின் பேச்சுக்கும் உண்டு என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. தூரத்து வழக்கு கவிதை, பக்கத்து வழக்கு அசிங்கம்.

பர்ன்ஸுக்கும் இதுதான் நடந்திருக்கிறது. 1786இல் கில்மார்னக்கில் வந்த அவருடைய முதல் தொகுதி, தலைப்பிலேயே தன்னை ஸ்காட்லாந்து 'வழக்கில்' எழுதப்பட்டது என்று அடக்கமாக அறிமுகம் செய்துகொண்டது. பின்னால் சொற்பொருள் பட்டியலும் வைத்தது. எடின்பரோவின் பெரிய விமர்சகர் மெக்கன்சி பாராட்டினார். படிக்காத ஒருவனுக்கு வானம் கொடுத்த வரம் என்கிற தோரணையில், கூடவே இந்தப் பேச்சு வாசகனுக்குத் தடையாக இருக்கிறதே என்ற அங்கலாய்ப்புடன். அந்தக் காலத்து எடின்பரோவில் படித்தவர்கள் தங்கள் ஆங்கிலத்தில் ஸ்காட்லாந்து வாடை வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதில் மும்முரமாக இருந்தார்கள். தத்துவவாதி ஹியூம், எழுத்தில் வரக்கூடாத ஸ்காட்லாந்துப் பிரயோகங்களுக்குப் பட்டியலே தயாரித்தார். சாகும்போது அவர் அறிக்கையிட்டது தன் பாவங்களை அல்ல, அந்தப் பிரயோகங்களைத்தான் என்று ஒரு கேலி உண்டு. 1761இல் தாமஸ் ஷெரிடன் என்பவர் வந்து சரியான ஆங்கில உச்சரிப்பு பற்றிச் சொற்பொழிவாற்றினார். ஊர்ப் பெரிய மனிதர்கள் திரண்டுபோய்க் கற்றுக்கொண்டார்கள். ஷெரிடன் லண்டன்காரர்கூட அல்ல, அயர்லாந்துக்காரர். நம் ஊரில் ரென் அண்ட் மார்ட்டினை மனப்பாடம் செய்த மேலாளர், 'ஐ ஆம் ஹேவிங் எ டவுட்' என்ற குமாஸ்தாவைத் திருத்துவதை நான் பார்த்திருக்கிறேன். திருத்திய வாக்கியத்திலும் 'டவுட்' அப்படியே இருந்தது. கேள்வியைச் சந்தேகம் என்று சொல்வது நம் ஆங்கிலத்தின் வட்டார வழக்கு என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்று தூங்கியிருக்கமாட்டார்.

ஆனால் ஸ்காட்லாந்தை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்துவது தவறு. அவர்களுடைய தராதர மொழி பக்கத்து நாட்டுடையது. எனவே ஸ்காட்ஸ் வழக்கா, மொழியா என்று அவர்களால் சண்டை போட முடிந்தது. 1931இல் வெளிவரத் தொடங்கிய ஸ்காட்டிஷ் தேசிய அகராதியைப் பத்துத் தொகுதிகளாக 1976இல் முடித்தார்கள். 2011 கணக்கெடுப்பில் முதன்முறையாகக் கேட்டபோது 15 லட்சம் பேர் ஸ்காட்ஸ் பேசுவதாகச் சொன்னார்கள். 2025இல் அவர்களுடைய பாராளுமன்றம் அதை மொழியாகவே அங்கீகரித்துச் சட்டம் செய்துவிட்டது. எங்கள் 'கினு'வை நான் மொழி என்று சொல்லப்போவதில்லை. அது தமிழ். நம் நிலைமை வேறு, ஒருவிதத்தில் விசித்திரமானது. நம் எழுத்துத் தமிழ் எவருடைய வீட்டிலும் பேசப்படுவதில்லை. லண்டன்காரன் தன் தராதர ஆங்கிலத்தைத் தாயிடம் கற்கலாம். எந்தத் தமிழனும் 'வந்துகொண்டிருக்கிறேன் அம்மா' என்று மழலை பேசவில்லை. எல்லோரும் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டவர்களே. அப்படியானால் எல்லா வீட்டுப் பேச்சும் அதிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். நிற்க விடப்படவில்லை. சில வீடுகள் திண்ணையிலும் சில வீடுகள் ஊருக்கு வெளியிலும் இருக்கின்றன. 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் முற்போக்கு எழுத்தாளர்கள் ஒடுக்கப்பட்டவர்களின் பேச்சைக் கதையில் எழுதியபோது, பண்டிதர்கள் அதற்கு 'இழிசனர் வழக்கு' என்று பெயர் வைத்தார்கள். அந்தத் தொடரில் முதல் சொல்தான் முக்கியம். யாழ்ப்பாணத்துப் பண்டிதர் ஒளிக்காமல் சொன்னார் என்பதற்காகவாவது அவரை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

நான் சொல்ல வந்தது இதற்கும் அப்பால். 1936இல் எட்வின் மூயிர் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞர் ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய வாதத்தை என் வார்த்தைகளில் சொன்னால்: நம் மக்கள் உணர்வது ஒரு மொழியில், சிந்திப்பது இன்னொரு மொழியில். அழுகைக்கும் பாட்டுக்கும் ஸ்காட்ஸ், யோசனைக்கு ஆங்கிலம். இப்படிப் பிளந்த மனத்திலிருந்து முழுமையான இலக்கியம் வராது. எனவே ஆங்கிலத்தில் எழுதுவதைத் தவிர வழியில்லை. பத்து வருஷம் முன்பே, சிந்தனையையும் தத்துவத்தையும் ஸ்காட்ஸிலேயே செய்து காட்டுகிறேன் என்று ஒரு நெடுங்கவிதை எழுதியிருந்த மெக்டையர்மிட், இதற்காக மூயிரை மன்னிக்கவே இல்லை. மெக்டையர்மிட் சொற்களைப் பழைய அகராதியிலிருந்தெல்லாம் தோண்டி எடுத்தவர். அவருடைய ஸ்காட்ஸ் எந்தத் தெருவிலும் பேசப்பட்டதல்ல. அதில் நம் தனித்தமிழ்க்காரர்களின் சாயல் கொஞ்சம் உண்டு. மூயிரின் முடிவு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் கண்ட நோய் சரி. அது நம் நோயும்கூட.

நம் நாவல்களைப் பாருங்கள். 1942இல் ஆர். சண்முகசுந்தரம் 'நாகம்மா'ளில் கொங்குக் குடியானவர்களைக் கொங்கிலேயே பேச வைத்தார். அது ஒரு திறப்பு. ஆனால் அங்கிருந்து தொடங்கிய பழக்கம் என்ன? பாத்திரங்கள் மேற்கோள் குறிக்குள் தங்கள் பாஷையில் அழுகிறார்கள், திட்டுகிறார்கள், வேடிக்கை பேசுகிறார்கள். குறிக்கு வெளியே ஆசிரியர் எழுத்துத் தமிழில் நின்றுகொண்டு, அவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று நமக்கு விளக்குகிறார். உணர்ச்சி அவர்களுடையது, அர்த்தம் இவருடையது. மேற்கோள் குறி ஒரு அச்சு வசதி என்றே இத்தனை நாளும் நினைத்தேன். அது ஒரு வாசற்படி. உள்ளே வரலாம், இந்த இடம்வரை.

இதைத் தாண்டியவர்கள் உண்டு. கி.ரா. தாண்டினார், கதைசொல்லி என்ற வேஷத்தில். சம்சாரியின் குரலிலேயே விவரணையும் போகிறது. 1992இல் பாமாவின் 'கருக்கு' தாண்டியது இன்னும் முக்கியமானது. அதில் வேஷம் இல்லை. தன் கிராமத்தை, சாதியை, திருச்சபையை, மடத்தை எடைபோடுகிற வேலையையே அந்தப் பேச்சுத் தமிழ் செய்கிறது. அன்று சிலருக்கு அதன் மொழி உறுத்தியதற்குக் கொச்சை காரணமில்லை. கொச்சையை நாவல்களில் ஐம்பது வருஷமாகப் படித்து ரசித்தவர்கள்தானே அவர்கள். அந்தப் பேச்சு தீர்ப்பு சொல்லத் தொடங்கியதுதான் உறுத்தல். இரண்டு வருஷம் கழித்து, 1994இல், கிளாஸ்கோ நகரத்துப் பேச்சில் விவரணை முழுவதையும் எழுதிய ஜேம்ஸ் கெல்மனுக்குப் புக்கர் பரிசு கொடுத்தபோது, நடுவர்களில் ஒருவரே வெளியில் வந்து எதிர்த்தார். கெல்மன் மேற்கோள் குறி போடுவதில்லை. பாத்திரம் பேசுவதற்கும் ஆசிரியர் சொல்வதற்கும் நடுவே அவர் வாசற்படி வைப்பதில்லை.

இதனால் வட்டார வழக்கில் எழுதியதெல்லாம் இலக்கியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்போது அதுவும் ஒரு சரக்காகிவிட்டது. பக்கத்துக்குப் பத்து அபூர்வச் சொல், அடிக்குறிப்பு, பின்னட்டையில் 'மண்மணம்.' உள்ளே பார்த்தால் வாரப்பத்திரிகைத் தொடர்கதை உடுத்தியிருக்கும் வேட்டி மட்டும் மாறியிருக்கிறது. எங்கள் வடாற்காட்டுப் பேச்சுக்கு இந்த மண்மணச் சந்தையிலும் இடம் கிடைக்கவில்லை என்பது துக்கமா சந்தோஷமா என்று தெரியவில்லை. கிடைத்ததெல்லாம் சினிமாவில் சிரிப்பு நடிகர் பக்கத்து இடம். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து அழகிய பெரியவன் போன்றவர்கள் வந்த பிறகுதான் இந்தப் பூமியும் கதைக்குள் கொஞ்சம் நிமிர்ந்தது.

இந்தப் பேச்சால் சிந்திக்க முடியுமா என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்த இடம் எந்தப் புத்தகமும் இல்லை, எங்கள் கௌண்டர். நகைக்கடனுக்கு வட்டி கட்ட ஒரு கிழவி வருவாள். ஒருநாள் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏன் நைனா, நா கட்ன துட்டு வட்டில கயிஞ்சிதா, அசல்ல கயிஞ்சிதா?"

"மொதல்ல வட்டிலதான் கயியும் ஆயா."

"அப்போ அசலு அப்டியே குந்திகினு கீது. நா கட்டிகினே கீறேன், அது குந்திகினே கீது." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "அப்போ நா கடன் கட்டல நைனா. அது குந்தறதுக்கு வாடகை கட்டறேன்."

நான் பட்டதாரி. வங்கிப் பரீட்சைகளும் எழுதியிருக்கிறேன். வட்டி என்றால் என்ன என்பதற்கு இவ்வளவு சரியான வரையறையை நான் எங்கும் படிக்கவில்லை. எங்கள் படிவத்தில் இருப்பது, செலுத்திய தொகை முதலில் வட்டிக்கும் பின்னர் அசலுக்கும் 'வரவு வைக்கப்படும்' என்பது. யார் வைக்கிறார்கள்? வைக்கப்படும். அந்த வாக்கியம் யோசிப்பதில்லை, மறைக்கிறது. கிழவி சொன்னதில் 'குந்து' என்ற வினைதான் சிந்தனை. டீக்கடையில் நடித்துக் காட்டிச் சிரித்தார்களே, அதே சொல். 'உட்கார்' என்று மாற்றிப் பாருங்கள், வாடகை ஒட்டாது. குந்துதல் எங்கள் பேச்சில் வேலை செய்யாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதும்தான்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். இந்தப் பத்திரிகையில், இதற்கு முன்னோடியான பத்திரிகைகளில், வட்டார வழக்கை ஆதரித்து வந்த கட்டுரைகள் எத்தனை! அவற்றில் ஒன்றாவது வட்டார வழக்கில் எழுதப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை. 'தளம்', 'பிரக்ஞை', 'அனுபவ வெளி' என்றுதான் எழுதுகிறோம். பண்டிதரின் மொழியைக் கேலி செய்துவிட்டு நமக்கென்று ஒரு பண்டித மொழியைச் செய்துகொண்டோம். கதையில் அவர்கள் அழட்டும், விமர்சனத்தில் நாம் யோசிப்போம் என்பதுதானே இதன் அர்த்தம். மூயிர் ஸ்காட்லாந்தைப் பற்றிச் சொன்னதை நாம் வாயால் மறுத்துக்கொண்டே கையால் நிரூபித்து வருகிறோம். கலைச்சொல் இல்லாமல் விமர்சனம் எப்படி என்று கேட்பீர்கள். நியாயம்தான். எங்கள் வீட்டில் யோசனையை 'ரோசன' என்பார்கள். சொல் இல்லாமல் இல்லை. அதை எடுத்து அச்சில் வைக்க எனக்குத்தான் தைரியம் இல்லை.

இந்தக் கட்டுரையை அப்படி எழுதிப் பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். மூயிரின் வாதத்தில் தொடங்கினேன். துக்கம்னா ஒரு பாஷ, ரோசனன்னா ஒரு பாஷன்னு ரெண்டா பொளந்துகினு கீற மன்சன் எத்த எய்தனாலும் பாதிதான் வரும்னு சொல்றாரு அவரு. பாதி வந்தா போதாதான்னு எனுக்குக் கேக்கத் தோணுது. இதுவரை வந்தது. கடைசிக் கேள்வி நான் முன்னால் யோசித்து வைத்திருந்ததல்ல, அந்தப் பேச்சில் எழுதியதால் வந்தது. எழுத்துத் தமிழில் எழுதியிருந்தால் மூயிரோடு உடன்படுவதா மறுப்பதா என்று மட்டும் பார்த்திருப்பேன். அடுத்த வரியில் 'தளம்' வந்துவிட்டது. அதை அடித்தேன். அதற்கடுத்த வரியில் மீண்டும் வந்தது. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, இப்போது நீங்கள் படிக்கும் இதை எழுதினேன். இதிலும் கிழவியின் பேச்சை மேற்கோள் குறிக்குள்தான் போட்டிருக்கிறேன்.